டப்பா அடுப்பு எரிவது எப்படி?

ஒருநாள் காட்டுநடைக்கு எரிவாயு சிலிண்டர் சுமக்க வேண்டியதில்லை. 85 கிராம் அலுமினியப் பூனை உணவு டப்பாவும் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியும் இருந்தால், ஸ்பிரிட்டில் (பெரும்பகுதி எத்தனாலான எரிசாராயத்தில்) எரியும் அடுப்பு தயார். விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் 16 ஓட்டைகள். அவற்றின் இடைவெளிகளுக்குக் கீழே இன்னொரு வரிசை. பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

எரிவது திரவம் அல்ல, அதன் ஆவி. மேலே பற்றிய சுடர் டப்பாச் சுவரைச் சுடவைக்கிறது. அலுமினியம் அந்தச் சூட்டைக் கீழே கடத்துகிறது. 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால் மேலும் ஆவியைத் தருகிறது. இந்தச் சுழற்சி வேகம் பிடிக்க அரை நிமிடமாவது ஆகும். பிறகு பாத்திரத்தை நேராக டப்பாவின் மேலேயே வைத்தால் வாய் அடைபடும். ஆவி பக்க ஓட்டைகள் வழியே பீறிட்டு வளையமாக எரியும். அவசரப்பட்டு வைத்தால் குளிர்ந்த பாத்திரம் சூட்டை உறிஞ்சி, சுடரை அணைத்துவிடும்.

குளிரில் பற்றாததற்கும் ஆவிக் குறைவுதான் காரணம். தூய எத்தனாலுக்கு மேல் பற்றுமளவு ஆவி சேர ஏறத்தாழ 13 டிகிரி வேண்டும். தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டுக்கு இன்னும் சற்று அதிகம். நன்கு மூடிய குப்பியைச் சட்டைக்குள் வைத்து நடந்தால் போதும்.

அரை லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 167 கிலோஜூல் தேவை. ஒரு மில்லி எத்தனால் சுமார் 21 கிலோஜூல் தரும். கணக்குப்படி 8 மில்லி. களத்தில் 15 முதல் 20 வரை போகும். மீதியைக் காற்று கொண்டுபோகிறது. எனவே அடுப்பைவிடக் காற்றுத்தடுப்புக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். தடித்த அலுமினியத் தாளைப் பாத்திரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிச் சுற்றி நிறுத்துங்கள். அடியில் காற்று நுழைய ஓட்டைகள் வேண்டும். நெருக்கிச் சுற்றினால் எரிபொருள் அளவுக்கு மீறிச் சூடாகிக் கொப்பளிக்கும், ஆக்சிஜன் போதாமல் சுடர் மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடும் கூடும். கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது.

நான்கு பேருக்கு ஒரே பெரிய பாத்திரம் இந்த டப்பாமேல் நிற்காது. இரண்டு அடுப்புகள் எடுத்துப்போவதே புத்திசாலித்தனம்.

வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதாக நினைத்து ஸ்பிரிட் ஊற்றினால் தீ குப்பிக்கே தாவும். முதலில் பெரிய டப்பாவால் கவிழ்த்து மூடி, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள். ஆஸ்திரேலியாவில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் காட்டில் இந்த அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. அன்றைக்குச் சமைக்காமல் தின்னக்கூடியதைக் கட்டிக்கொள்ளுங்கள்.