சேகோ ஆலைத் தண்ணீரில் அடுப்பெரிப்பது எப்படி?

ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் கிழங்கு சீசனில் பஸ்ஸில் போனால், கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், மரவள்ளிக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வந்துவிட்டதென்று. தொட்டியில் மாவு படிந்தபின் மேலாக வடித்துவிடும் தண்ணீரின் புளிச்ச வாடை அது. பார்க்க அரிசி கழுநீர் மாதிரிதான் இருக்கும். ஒரு ராத்திரி நின்றால் பி.எச். 4.5 அளவுக்கு இறங்கிவிடும். அந்த வாடையைக் கிளப்பும் அமிலங்கள்தான், எரிவாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு.

தினம் 1 லட்சம் லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 5 கிராம் சி.ஓ.டி. என்று வைத்துக்கொள்வோம். சி.ஓ.டி. என்பது அதிலுள்ள கழிவை முழுக்கச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன். மொத்தம் 500 கிலோ; 85 சதவீதம் நீங்கினால் 425 கிலோ. கிலோவுக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது உச்ச வரம்பு. தண்ணீரில் கரைந்து போவது, நுண்ணுயிர்ச் சேறாக மாறுவது எல்லாம் கழித்தால் சுமார் 130 கன மீட்டர் மிஞ்சும். எரிபொருளாகப் பார்த்தால் 19 கிலோ எல்.பி.ஜி. சிலிண்டர் ஐந்துக்குச் சமம். ஜவ்வரிசி வறுக்கும் தட்டுக்கடியில் விறகைக் குறைக்க இது போதும்.

இதற்கு ஏற்றது, காற்றுப் புகாமல் மூடிய யு.ஏ.எஸ்.பி. கலன். 1970-களில் நெதர்லாந்தில் லெட்டிங்கா குழுவினர் உருவாக்கியது. தண்ணீர் அடியிலிருந்து மெதுவாக மேலேறும். வேகம் மணிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் சேறு அடித்துக்கொண்டு போய்விடும். அடியில் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கேழ்வரகு அளவில் கருப்பு மணிகளாகத் திரண்டு கிடக்கும். நம் கணக்குக்கு 100 கன மீட்டர் கலன் போதும். ஓடுகிற கலனிலிருந்து மணிச்சேறு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வடிகட்டிய சாணிக் கரைசலில் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியை உள்ளே விடவே கூடாது. நார் அடைத்துக்கொள்ளும், மாட்டுத் தீவனத்துக்கு விலை போகிற பொருளும்கூட.

கலன் கெடுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். மாவை அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் இரட்டிக்கும். அமிலத்தைத் தின்று மீத்தேன் விடுபவற்றுக்கு நாள் கணக்காகும். தீனியைத் திடீரென்று கூட்டினால் அமிலம் தேங்கும். பி.எச். மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், அது கடைசியில்தான் இறங்கும். அதற்கு முன்பே கரியமில வாயு கூடி, சுடர் நிற்காமல் தத்தளிக்கும். உடனே தீனியை ஓரிரு நாள் நிறுத்திவிட்டு, வெளிவரும் தண்ணீரையே திருப்பி உள்ளே விட வேண்டும். அதிலுள்ள காரத்தன்மை அமிலத்தைத் தாங்கும். போதாவிட்டால் சோடா உப்பு போடலாம். விலை மலிவென்று சுண்ணாம்பைக் கொட்டினால், அது கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாகப் படியும். மூடிய கலனில் வெற்றிடமும் உண்டாகும்.

மரவள்ளித் தண்ணீரில் தழைச்சத்து குறைவு. 350 பங்கு சி.ஓ.டி.க்கு 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் இருக்கிறதா என்று சோதித்து, குறைவதை யூரியா, டி.ஏ.பி. போட்டு ஈடுகட்ட வேண்டும். தோலில் சயனைடு அதிகம் என்பதால், தோல் கழுவிய தண்ணீரைத் தனி வாய்க்காலில் விடுவது நல்லது.

இதையெல்லாம்விடப் பெரிய பகை வெளுப்பு மருந்து. மாவை வெளுக்க ஹைப்போகுளோரைட் ஊற்றினால், மிஞ்சும் குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். கந்தக அமிலம் ஊற்றினாலோ, கந்தகமெல்லாம் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடாகி, பர்னரையும் ஜெனரேட்டரையும் அரிக்கும். சாப்பிடும் பொருளில் இவற்றைக் கலப்பதே தப்பு என்பது வேறு விஷயம்.

ஓரளவு சல்பைடு எப்படியும் வரும். துருப்பிடித்த இரும்புத் தூள் நிரப்பிய உருளை வழியாக வாயுவை விட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் தீர்ந்துபோன தூளைக் காயவிடாதீர்கள். காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும். தண்ணீர் தெளித்து ஈரமாகவே அள்ள வேண்டும்.

வெளிவரும் தண்ணீரில் இன்னும் லிட்டருக்கு 750 மில்லிகிராம் சி.ஓ.டி. இருக்கும். ஆற்றில் விட அனுமதி 250 தான். எனவே அடுத்து காற்றூட்டும் தொட்டி கட்டாயம்.

கிழங்கு வரத்து நின்றதும் கலனைக் கழுவிக் காலி செய்துவிடக் கூடாது. மணிகள் தீனியில்லாமலே பல மாதம் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த சீசனில் முதல் வாரம் கால் பங்கு தீனி. சுடர் நீலமாக நின்று எரிந்த பிறகே கூட்ட வேண்டும்.