கேம்பர் வேனுக்கு நீங்களே சுவிட்ச் போர்டு செய்யும் முன்

வேன்களைக் கேம்பராக மாற்றுகிறவர்களுக்கு மின்வேலை செய்து கொடுப்பது என் தொழில். டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, சிங்க், ஃபிரிட்ஜ் எல்லாம் தாங்களே அமைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். விளக்கு, தண்ணீர் பம்பு, ஃபேன் எல்லாவற்றையும் ஈஎஸ்பி32 மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலரில், அதாவது புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கணினிச் சிப்பில், இணைக்க வேண்டும் என்பது அவர்களில் பலருக்கு ஆசை. நல்ல ஆசைதான். படுக்கையில் இருந்தும் கதவோரத்தில் இருந்தும் ஒரே விளக்கை அணைக்கலாம். பம்பு தவறுதலாக ஓடிக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தலாம். ஆனால் போர்டைத் திறந்து பார்த்தால், புரோகிராமுக்குக் காட்டிய அக்கறையில் பாதிகூட வயரிங்குக்கு இருப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கன்ட்ரோலர் நடு ராத்திரியில் செத்துப்போனால் உங்கள் வேன் என்ன ஆகும்? ஆபத்தில்லாமல் நிற்க வேண்டும். அவசியமானவை ஓட வேண்டும். இதை உறுதி செய்வது புரோகிராம் இல்லை. ஃபியூஸ், வயர், சாதாரண சுவிட்ச், இவைதான்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் வருகிற அலட்சியம் பெரியது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டை மட்டும் நம்பக்கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் பெரிய ஃபியூஸ் ஒன்று, அப்புறம் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பிளேடு ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதனால் அளவை வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 10 ஆம்பியர் சிவப்பு, 2.5க்கு 15 ஆம்பியர் நீலம் என்று நான் வைக்கிறேன். வீட்டுக்கு வாங்கிய எம்சிபியை (கரன்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்சை) இங்கே மாட்டாதீர்கள். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. பேட்டரி தரும் டிசியில் அந்த வாய்ப்பு கிடையாது.

நீளமும் முக்கியம். ஃபிரிட்ஜ் பேட்டரியில் இருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 8 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜ் நின்றுவிடும். நீங்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி ரிலே, அதாவது சிறிய கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன், ஆஃப் செய்யும் மின்காந்த சுவிட்ச். கடையில் வரிசையாகக் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது கிளம்பும்போதும் ஓடும்போதும் ஒரே அளவு கரன்ட் இழுக்கும் லோடுக்கான கணக்கு. பம்போ கம்ப்ரஸரோ கிளம்பும் நொடியில் பல மடங்கு கரன்ட் இழுக்கும். கான்டாக்ட் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. ஃபோனில் ஃபிரிட்ஜ் ‘ஆஃப்’ என்று காட்டுகிறது, காலையில் பேட்டரி காலி. ரிலே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆப் காட்டியது கன்ட்ரோலர் அனுப்பிய கட்டளையை. உண்மையில் கரன்ட் ஓடுகிறதா என்று அது பார்க்கவே இல்லை. ரிலேக்கு அப்பால் இருக்கும் வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து கன்ட்ரோலரின் ஒரு பின்னில் (இணைப்பு முனையில்) படித்தால் இது உடனே தெரிந்துவிடும். செலவு சில ரூபாய். தயவுசெய்து இதை விடாதீர்கள்.

மோட்டார்களுக்கு வண்டிகளில் போடும் 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே வாங்குங்கள். ஈஎஸ்பி32 பின் 40 மில்லிஆம்பியருக்கு மேல் தராது; ரிலே காயிலை (உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருளை) நேராக அதில் இணைக்க முடியாது. நடுவில் டிரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு. ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் (அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்) போடுவதென்றால் ஐஆர்எஃப்520 மாட்யூல் வேண்டாம். அதன் கேட்டுக்கு, அதாவது கட்டளை வரும் முனைக்கு, 10 வோல்ட் வேண்டும்; கன்ட்ரோலர் தரும் 3.3 வோல்ட்டில் பாதி திறந்து சூடாகும். 3.3 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் லாஜிக் லெவல் வகைதான் சரி. இன்னொன்று, மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும், அதாவது லோடு ஓடிக்கொண்டே இருக்கும். எனவே ஹீட்டர் எதற்கும் புரோகிராமைச் சாராத, சூடு மிஞ்சினால் தானே துண்டிக்கும் ஒரு தெர்மல் கட்-ஆஃப் தனியாக இருக்க வேண்டும். டீசல் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் மெயின் சப்ளையை ரிலேயால் வெட்டவே கூடாது. நின்ற பிறகும் அது சிறிது நேரம் ஃபேன் ஓட்டித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும்.

கன்ட்ரோலர் ரீசெட் ஆகி மறுபடி கிளம்பும்போது பின்கள் எப்படி இருக்கும் என்று பலர் யோசிப்பதில்லை. சில பின்கள் அந்த நேரத்தில் தாமாகவே துடிக்கும்; 0, 2, 12, 15 போன்றவை சிப் எப்படிக் கிளம்ப வேண்டும் என்பதையே முடிவு செய்பவை. அவற்றில் பம்பை இணைக்காதீர்கள். டிரான்சிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ, ஒவ்வொன்றின் உள்ளீட்டிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டோடு (நெகட்டிவோடு) இணைத்துவிட்டால், கன்ட்ரோலரின் பின் எந்தக் கட்டளையும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும்போதும் லோடு ஆஃபில் இருக்கும்.

கன்ட்ரோலரின் சப்ளைக்கு, பேட்டரி வோல்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 போர்டைப் பலரும் போடுகிறார்கள். அது தாங்குவது 40 வோல்ட் வரை. வண்டி ஓடும்போது பேட்டரி இணைப்பு தளர்ந்து விலகினால் ஆல்டர்னேட்டரில் இருந்து அதைவிட அதிகமான வோல்டேஜ் ஒரு கணம் எழலாம். முன்னால் ஒரு சிறிய ஃபியூஸும், திடீரென எழும் வோல்டேஜை அடக்கும் டிவிஎஸ் டையோடும் போடுங்கள்.

மின்செலவையும் பாருங்கள். சிறிய ரிலே ஒவ்வொன்றும் ஆனில் இருக்கும்வரை 5 வோல்ட்டில் சுமார் 70 மில்லிஆம்பியர் தின்னும். எட்டு ரிலே நாள் முழுதும் இழுத்தபடி இருந்தால் 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 6 ஆம்பியர்-மணி வெறுமனே போய்விடும்.

சோதனைக்காகச் செருகி எடுக்கும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர் எல்லாம் மேசையோடு நிற்கட்டும். நம் சாலைகளில் அவை தாங்காது. திருகு டெர்மினலில் செல்லும் வயரின் முனையில் ஈயம் பூசவும் வேண்டாம், நாளடைவில் தளரும். ஃபெர்ரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்தி இறுக்குங்கள். இன்வெர்ட்டரின் 230 வோல்ட்டை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம். சட்டமும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி பதிவுச் சான்று விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உள்வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பம்புக்கும் ஒரு விளக்குக்கும் மட்டுமாவது ‘ஆன், ஆஃப், ஆட்டோ’ என்று மூன்று நிலை சுவிட்ச் வையுங்கள். ‘ஆன்’ நிலையில் கரன்ட் கன்ட்ரோலரைத் தொடாமல் ஃபியூஸ் வழியாக நேரே போக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சோதியுங்கள். லோடுகள் ஓடும்போது கன்ட்ரோலரின் சப்ளையைப் பிடுங்குங்கள். எல்லாம் நிற்க வேண்டும், ‘ஆன்’ நிலையில் வைத்த விளக்கும் பம்பும் மட்டும் ஓட வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஏதாவது தானாக ஆன் ஆகிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, அணைத்த பிறகு, ஒவ்வொரு டெர்மினலாகக் கை வைத்துப் பாருங்கள். சுடுகிற இணைப்பைப் பிரித்து மறுபடி கிரிம்ப் செய்யாமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.