போர்வெல் வந்த ஊரில் கண்மாய் ஏன் தூர்ந்துபோகிறது?

கண்மாய் ஏன் தூர்ந்தது என்று கேட்டால், ஊரில் ஒற்றுமை இல்லை, எல்லாருக்கும் சுயநலம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது போதாத பதில். தாத்தாக்களும் தண்ணீருக்குச் சண்டை போட்டவர்கள்தான், ஆனாலும் கோடையில் மண்வெட்டியோடு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கினார்கள். வேறு வழியில்லை, கண்மாய் நிறையாவிட்டால் யார் வயலும் விளையாது. மடை திறக்க நீர்க்கட்டி என்று ஓர் ஆள், அவருக்குக் கூலியாக நெல், தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். உடம்பு நோகும் வேலை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில்தான் விழுந்தது, குடிமராமத்துக்கு, அதாவது ஊரே கூடிச் செய்யும் பராமரிப்பு வேலைக்கு, வராதவர்களை இழுக்க வெள்ளைக்காரர்கள் 1858-ல் சட்டமே போட்டார்கள்.

பொதுச் சொத்தை மக்கள் எப்படியும் அழித்துவிடுவார்கள் என்று 1968-ல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படியில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறினால் தண்டம் போட்டுப் பல தலைமுறை காத்த இடங்கள் உண்டு என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம், 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண். ஆனால் அந்த ஏற்பாட்டிலிருந்து சிலர் வெளியேற வழி கிடைத்தால் என்ன ஆகும்?

கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் 100 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 பேர் போர் போடுகிறார்கள். இனி கண்மாய்க்காக அவர்கள் செலவழிக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நஷ்டம். போர் போட வசதி உள்ளவர்கள் பெரும்பாலும் நிலம் அதிகம் உள்ளவர்கள், ஊரில் பேச்சு எடுபடுகிறவர்கள், அவர்களே ஒதுங்கியதும் மீதி 80 பேர் தலையில் பாரம் கூடுகிறது, அதனால் இன்னும் பத்துப் பேர் கடன் வாங்கிப் போர் போட, பாரம் மறுபடி கூடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் யார் செய்ததும் தப்பில்லை.

கொடுமை என்னவென்றால், போரில் ஊறும் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கண்மாயிலிருந்து கசிந்து இறங்கியதுதான். அதற்கு யாரும் காசு கட்டுவதில்லை. 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்குக் கரண்டும் இலவசம், அதனால் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் கூடுதல் செலவே கிடையாது. நீர்மட்டம் இறங்கும்போது பணம் உள்ளவர் இன்னும் ஆழமாகத் துளை போடுகிறார், இல்லாதவர் அவரிடமே தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்.

சரி, ஜேசிபி வைத்துத் தூர் வாரினால் போதுமா? கரை பலப்படும், கணக்கு அப்படியே இருக்கும். கண்மாயால் தண்ணீர் ஊறும் போர்வெல் வைத்திருப்பவர்களும் பராமரிப்புக்குப் பங்கு தர வேண்டும், கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடும் மீன்பாசி ஏலப் பணம் கண்மாய்க்கே திரும்ப வேண்டும். கரண்ட் விஷயத்தில் பஞ்சாப் 2018-ல் ஒரு வழியைச் சோதித்தது: இலவச கரண்டை நிறுத்தவில்லை, மீட்டர் வைத்து ஓர் அளவு நிர்ணயித்து, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். மோட்டாரை நிறுத்தினாலும் காசு வரும் என்று ஆனது.