கண்காட்சிக்குப் போகும் மிரண்ட செம்மறிக் குட்டியும் தலைக்கயிறும்

கால்நடைக் கண்காட்சிகளுக்கு மேச்சேரி இனச் செம்மறிகளைக் கொண்டுவருபவர்கள், உடல் எடைக்காகவும் தோலின் மினுமினுப்புக்காகவும் மாதக்கணக்கில் பாடுபட்டுவிட்டு, ஆட்டைக் கயிற்றில் நடத்திப் பழக்குவதை மட்டும் கடைசி இரண்டு நாட்களுக்கு ஒத்திப்போடுவதைக் கால்நடை மருத்துவர் என்ற முறையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அதன் விளைவு கழுத்தில் கயிறு அறுத்த புண்ணாகவும் முட்டியில் சிராய்ப்பாகவும் என்னிடம் வருகிறது. முரட்டுக் குட்டி என்று சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள். ஆனால் அது முரடு அல்ல, பயம். அந்தப் பயத்தில் பெரும்பகுதி நம் கையால் வந்தது.

மந்தையாக வாழும் செம்மறிக்குத் தனியே பிரிக்கப்படுவதுதான் முதல் மிரட்சி. கயிறு அதற்கு அடுத்ததுதான். எனவே பழக்கத்தைக் கண்காட்சிக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே தொடங்கி, முதல் வாரத்தில் கயிற்றைக் கையில் எடுக்காமலே இருப்பது நல்லது. குட்டியை அதனோடு ஒட்டிப் பழகிய இன்னொரு ஆட்டுடன் சிறிய அடைப்பில் விட்டு, தினமும் ஒரே ஆள் உள்ளே போய், நிற்காமல் குந்தி உட்கார்ந்து, கையிலிருந்து அகத்தியோ வேலிமசாலோ கொடுக்க வேண்டும். செம்மறிகள் ஐம்பது ஆடுகளின் முகங்களைச் சுமார் இரண்டு ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பதை இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆய்வு நிறுவனத்தினர் 2001இல் வெளியிட்டார்கள். படத்தில் பழகிய மனித முகங்களையும் அவை அடையாளம் காண்பதை 2017இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. இவ்வளவு நினைவுள்ள விலங்கை முதல் நாளே காதைப் பிடித்து இழுத்தவருக்கு, பிறகு அதன் நம்பிக்கையைப் பெறுவது எளிதல்ல. தொடுவதென்றால் தலையைத் தட்டாமல், தோள் பக்கமாக நெருங்கி, தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் சொறிந்து கொடுங்கள்.

மேச்சேரிக்குப் பெரும்பாலும் கொம்பு இருப்பதில்லை என்பதால், கழுத்தில் கயிறு கட்டி இழுப்பதே வழக்கமாகிவிட்டது. இழுக்க இழுக்க அது மூச்சுக்குழலை நெரிக்கிறது. மூச்சு முட்டிய குட்டி இன்னும் வேகமாகத் திமிறுகிறது. மூக்கின் மேலும் காதுகளுக்குப் பின்னாலும் சுற்றி வரும் தலைக்கயிறே சரி. தடித்த, மிருதுவான பருத்திக் கயிறாகப் பார்த்து, மூக்கின் மேல் வரும் சுற்று கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மீது படியும்படி அமைக்க வேண்டும். செம்மறி முக்கியமாக மூக்கால் மூச்சு விடும் விலங்கு என்பதால், அந்தச் சுற்று நாசித் துளைக்கு அருகிலுள்ள மென்பகுதிக்கு இறங்கினால் காற்று அடைபடும். முதலில் சில நிமிடங்கள் மாட்டி வைத்துக் கழற்றிவிடலாம். அடுத்த கட்டமாகத் தலை உயரத்தில், குட்டியின் கால் சிக்காத அளவுக்குக் குட்டையாக, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட்டுக் கட்டலாம். கட்டிய குட்டியைத் தனியே விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது.

நடத்தும்போது நம் இழுப்பைவிட, அதைத் தளர்த்தும் நேரத்தைத்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. கயிற்றை மெல்ல இறுக்கிப் பிடித்து, குட்டி ஓரடி வைத்தாலோ, முன்பக்கம் சாய்ந்தாலோகூட, உடனே தளர்த்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் எதற்காகத் தளர்ந்தது என்பது அதற்குப் புரியாது. பின்வாங்கும்போது விட்டுவிட்டால் பின்வாங்குவதையே கற்றுக்கொடுத்தவர்களாவோம். படுத்துவிட்டால் தரதரவென இழுக்காமல், பின்புறத்தைத் தொட்டு எழுப்பி நிறுத்துங்கள். தொடக்கத்தில் துணை ஆட்டை முன்னால் விட்டு, பட்டியை நோக்கியே நடத்தினால் குட்டி தானாக வரும்.

பாராட்டாகக் கொடுக்கும் தீவனம் ஒரு பிடி தழையோடு நிற்கட்டும். மக்காச்சோளத்தையோ அரிசியையோ திடீரென அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் பெருகும், துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயும் தாக்கக்கூடும். இரண்டுமே உயிரைப் பறிப்பவை.

கண்காட்சித் திடலின் ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் பழக, கடைசி வாரத்தில் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நடத்திப் பாருங்கள்; கண்காட்சி நாளன்று துணை ஆட்டையும் வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். அப்படியும் குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கயிற்றைக் கழற்றி நிழலில் விட்டுத் தண்ணீர் வையுங்கள். அரை மணி நேரத்தில் மூச்சு சீராகவில்லை என்றால், போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டு, அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.