முன்னாள் சாம்பியன்கள் மீண்டும் நீச்சல் குளத்தில் இறங்கும்போது

விளையாட்டு மருத்துவம் பார்க்கும் என்னிடம், வயது வந்தவர்களுக்கென்று வயதுப் பிரிவு வாரியாக நடக்கும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிக்குப் போகிறவர்கள் இரண்டு விதமாக வருகிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக நீச்சல் கற்றுக்கொண்டு, தைரியமாக 50 மீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒரு சாரார். இவர்கள் எதற்கெடுத்தாலும் பயப்படுவார்கள், கேள்வி கேட்டுத் துளைப்பார்கள், நான் சொல்வதற்கு முன்பே ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். இன்னொரு சாரார் ஒரு காலத்தில் மாநிலத்துக்காகவோ நாட்டுக்காகவோ நீந்தியவர்கள். படிப்பு, வேலை, குடும்பம் என்று பதினைந்து இருபது ஆண்டுகள் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். உடற்தகுதிச் சான்றிதழில் ஒரு கையெழுத்து போதும் என்றுதான் இவர்கள் வருவார்கள். எனக்குக் கவலை இவர்களைப் பற்றித்தான்.

நீச்சலில் வேகத்தைத் தீர்மானிப்பது வெறும் பலம் அல்ல. உடலைத் தண்ணீரில் கிடையாக வைத்திருப்பதும், கையால் நீரைச் சரியாகப் பிடித்துத் தள்ளுவதும்தான் பெரும்பகுதி. பத்து வயதில் படிந்த இந்தப் பழக்கம் ஐம்பதிலும் அழிவதில்லை. ஆகவே இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்துவிட்ட ஒரு முன்னாள் வீரர், இறங்கிய முதல் வாரமே பக்கத்து லேனில் நீந்தும் முப்பது வயது இளைஞரை முந்திவிடுவார். பயிற்சியாளர் அசந்துபோவார், அவரும் தன்னை நம்பிவிடுவார். தொழில்நுட்பம் அப்படியே இருப்பதால் இதயமும் தசைநாண்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது வெளியே தெரிவதே இல்லை. இதே மனிதரை மூன்று மாடி ஏறச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்குவது தெரியும்.

மாஸ்டர்ஸ் நீச்சல் தொடங்கியதே ஒரு மருத்துவரின் எண்ணத்தில்தான். அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ரான்சம் ஆர்தர், வயது வந்தவர்களுக்குப் போட்டி என்ற இலக்கு இருந்தால் உடற்பயிற்சியை விடாமல் செய்வார்கள் என்று நினைத்தார். 1970 மே மாதம் டெக்சாஸின் அமரில்லோ நகரில் நடந்த முதல் போட்டிக்கு வந்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. 1986இல் டோக்கியோவில் முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. இன்று உலக அளவில் 25 வயதிலிருந்து ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாகப் போட்டிகள் நடக்கின்றன. இந்தியாவிலும் தேசிய அளவில் நடக்கின்றன. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. ஐம்பது வயது ஆவதற்காக ஆவலோடு காத்திருக்கும் மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புதிய பிரிவில் அவர்கள்தானே இளையவர்கள்!

முன்னாள் வீரர்களின் மனநிலைக்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் உதாரணம் ஜெஃப் ஃபாரெல். 1960இல் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது அவருக்கு அவசரக் குடல்வால் அறுவைசிகிச்சை நடந்தது. வயிற்றில் கட்டோடு தண்ணீரில் குதித்தார். தனிநபர் போட்டியில் இடம் கிடைக்கவில்லை என்றாலும் தொடர் நீச்சல் அணியில் இடம்பிடித்து, ரோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். பிற்காலத்தில் மாஸ்டர்ஸிலும் சாதனைகள் படைத்தார். படிக்கும்போது எனக்கும் உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலியைப் பொருட்படுத்தாதே என்று பத்து வயதிலிருந்து பழக்கப்பட்ட ஒருவர் ஐம்பது வயதில் நெஞ்சு இறுக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்தால் உற்சாகம் வடிந்துவிடுகிறது.

இப்படித்தான் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், இளம்வயதில் பட்டர்ஃப்ளை நீந்தியவர். இடது தோளில் வலி என்றார். "டாக்டர், இது பழைய தோள் வலிதான். கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தால் போதும்." கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன், தூக்கினார், வலிக்கவில்லை. எதிர்த்துத் தள்ளச் சொன்னேன், தள்ளினார், வலிக்கவில்லை. எப்போது வலிக்கிறது என்று கேட்டதற்கு, மூன்றாவது நான்காவது லேப்பில் தொடங்கும், சுவரைப் பிடித்து நின்றால் போய்விடும் என்றார். படியேறும்போது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம், வேகமாக ஏறினால் வரும்" என்றார். படியேறுவதற்குத் தோளைப் பயன்படுத்துகிறவர் யாரும் இல்லை. பிசியோதெரபிக்குப் பதிலாக இதய மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆஞ்சியோகிராமில் முக்கியமான இரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது.

இதைப் படிக்கும் நீச்சல்காரர்கள் இந்த ஒரு வேறுபாட்டை மட்டுமாவது மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. தசைநாண் வலி பெரும்பாலும் கையின் குறிப்பிட்ட அசைவில் வரும். இரவில் அந்தப் பக்கம் படுத்தாலும் வலிக்கும். உழைப்பு கூடினால் வந்து, ஓய்வெடுத்தால் போகும் வலி தோளில் இருந்தாலும், தாடையில் இருந்தாலும், மேல்வயிற்றில் இருந்தாலும் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓய்வெடுத்தும் போகவில்லை என்றாலோ, வியர்வையும் மயக்கமும் சேர்ந்து வந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒரு லேப் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பது கூடாது.

படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்பதும் உண்மையல்ல. இரத்தக்குழாயில் கணிசமான அடைப்பு இருந்தும் ஈசிஜி சாதாரணமாக இருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் தீவிரப் பயிற்சிக்குத் திரும்புகிறவரிடம் நான் கேட்பது இரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், குடும்பத்தில் இளம்வயதில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்ற விவரம். இவற்றில் ஏதேனும் சரியில்லை என்றாலோ அறிகுறி இருந்தாலோ டிரெட்மில் பரிசோதனையும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும். முன்னாள் வீரர்களில் சிலர் டிரெட்மில்லில் ஏறச் சொன்னால் "நான் ஓட்டக்காரன் இல்லையே" என்று முகம் சுளிப்பார்கள். இதயத்துக்கு அது தெரியாது.

நாடித்துடிப்பைக் கைக்கடிகாரத்தில் பார்த்துப் பயிற்சி செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீந்தும்போது உடல் கிடையாக இருப்பதாலும், நீரின் அழுத்தம் இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுவதாலும், ஓடும்போது இருப்பதைவிட அதிகபட்சத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவில் குறைவாகவே இருக்கும். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை அப்படியே தண்ணீருக்குள் கொண்டுபோனால், ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவர் இன்னும் முடுக்குவார். இரத்தக்கொதிப்புக்கு, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது.

இடைவெளியே இல்லாமல் பல பத்தாண்டுகளாகத் தீவிரமாகப் பயிற்சி செய்தவர்களின் சிக்கல் வேறு. ஸ்வீடனில் நடக்கும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியான வாசலோப்பெட்டில் பங்கேற்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், அதிக முறை போட்டியை முடித்தவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் இதயத் துடிப்புச் சீர்கேடு கூடுதலாகக் காணப்பட்டது. அதற்காக உடற்பயிற்சி ஆபத்து என்று யாரும் பயப்பட வேண்டாம். சும்மா உட்கார்ந்திருப்பதில்தான் ஆபத்து பலமடங்கு அதிகம். நெஞ்சு படபடப்பு தாறுமாறாக இருந்தால் அதைப் பரபரப்பு என்று ஒதுக்கிவிடாமல் காட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி உண்மையான தோள் வலிக்கு வருவோம். நாளுக்கு 10 கிலோமீட்டர் நீந்தும் இளம் வீரர் 25 மீட்டர் குளத்தின் நீளத்தை 400 முறை கடக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு கை எட்டுச் சுழற்சி என்றால், ஒரே நாளில் ஒரு தோள் 3,200 முறை சுழல்கிறது. அந்தத் தேய்மானம் எங்கும் போய்விடுவதில்லை. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் வயதோடு நைந்து, சிலருக்கு வலியே இல்லாமல் கிழிந்தும் இருக்கும். திரும்பி வந்த உற்சாகத்தில் உள்ளங்கையில் மாட்டும் தட்டுகளான பழைய பேடில்களைப் பரணிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு நீந்துவதுதான் நான் பார்க்கும் வழக்கமான தவறு. பேடில் நீரின் எதிர்ப்பைக் கூட்டித் தோள்மேல் ஏற்றுகிறது. முதல் மூன்று மாதம் அது வேண்டாம். தோள் வலிக்கிறது என்று மிதக்கும் பலகையான கிக் போர்டைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உதைப்பவர்களும் உண்டு. அந்த நிலையே தோளை நெருக்கும் என்பதால், பலகையை விட்டுவிட்டு மல்லாந்து உதைப்பது நல்லது.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். முன்னாள் வீரர் இதையும் "பழைய காயம்" கணக்கில் எழுதிவிடுவார். கை முதுகுப் பக்கம் போகவில்லை, சட்டை போடவே கஷ்டமாக இருக்கிறது என்றால், தோளுக்கு எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். பலருக்குச் சர்க்கரை இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது. பயிற்சி நின்ற பிறகும் பயிற்சிக் காலத்துச் சாப்பாடு நிற்காதவர்களிடம் இதை நான் எதிர்பார்த்தே இருப்பேன்.

மூச்சை அடக்கி நீருக்கடியில் நீந்தும் பயிற்சியைப் பற்றி நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஐம்பது மீட்டரை ஒரே மூச்சில் நீருக்கடியில் கடந்த பழைய பெருமை பலருக்கு உண்டு. அதற்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் உடலிலுள்ள கரியமில வாயு குறைகிறது. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது பிராணவாயுக் குறைவைவிட முக்கியமாக அந்தக் கரியமில வாயுதான். அது குறைந்துபோனால் தவிப்பு வருவதற்கு முன்பே மூளைக்குப் பிராணவாயு போதாமல் நினைவு தப்பிவிடும். போராட்டமே இருக்காது, மேலிருந்து பார்ப்பவருக்கு அவர் நீந்திக்கொண்டிருப்பதாகவே தோன்றும். தேர்ந்த நீச்சல்காரர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள், மற்றவர்களால் அவ்வளவு தூரம் போகவே முடியாதே. நீரிலிருந்து நினைவின்றித் தூக்கப்பட்டவர் மூச்சுவிடவில்லை என்றால், மார்பை அழுத்துவதோடு வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும் என்பதை உங்களோடு நீந்துகிற எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது விதி. மே மாதத்தில் சென்னையின் திறந்தவெளிக் குளங்கள் 30ஐச் சுலபமாகத் தாண்டும். தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது என்பதால், பாட்டிலில் குடிநீர் கொண்டுபோய்க் கரையில் வையுங்கள். குளிர்ந்த கடலில் நீந்தப் போகிறவர்களுக்கு எதிர்மாறான எச்சரிக்கை: நீந்தும்போது திடீரென இருமலும் மூச்சுத்திணறலும் வந்து, சளி இளஞ்சிவப்பாக வந்தால், அது நுரையீரலில் நீர் கோத்ததாக இருக்கலாம். உடனே வெளியேறுங்கள். இரத்தக்கொதிப்பு உள்ளவர்களிடம் இது வர வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு சொன்னதால் முன்னாள் வீரர்கள் போட்டியிடக் கூடாது என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1984 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ரௌடி கெய்ன்ஸ் 1991இல் கியான்-பாரே நரம்பு நோயால் முடங்கிப்போய், மீண்டெழுந்து, மாஸ்டர்ஸில் உலக சாதனை படைத்தார். 1972 மியூனிக்கில் தனிநபர் போட்டிகளிலேயே ஐந்து பதக்கம் வாங்கிவிட்டுப் பதினாறு வயதில் ஓய்வுபெற்ற ஷேன் கோல்ட், நாற்பதுகளில் மாஸ்டர்ஸுக்குத் திரும்பிச் சாதித்தார். டாரா டாரஸைச் சொல்லாதவர் என் அறைக்கு வருவதில்லை. கர்ப்பமாக இருந்தபோது மாஸ்டர்ஸ் குழுவோடு நீந்தத் தொடங்கி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 41 வயதில் மூன்று வெள்ளி வென்றவர். 50 மீட்டரில் தங்கத்தைத் தவறவிட்டது நொடியில் நூறில் ஒரு பங்கில். ஆனால் அவரைச் சுற்றி உடலை நீட்டிவிடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். நம் ஆள் காலை ஆறு மணிக்கு நீந்திவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். நீச்சல் வேகம் முப்பத்தைந்து வயதுக்குமேல் மெதுவாகவும் எழுபதுக்குப் பிறகு விரைவாகவும் குறையும் என்பதுதான் பொதுவான போக்கு. இருபது வயது டைமிங்கைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு அதைத் துரத்துபவர்களிடம், அதைக் கழற்றிவிட்டு இந்த ஆண்டின் முதல் டைமிங்கை ஒட்டுங்கள் என்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை.

எலும்பைப் பற்றி முன்னாள் வீராங்கனைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். தண்ணீர் உடலின் எடையைத் தாங்கிக்கொள்வதால், வருடக்கணக்கில் நீந்தினாலும் எலும்பு அடர்த்தி பெரிதாகக் கூடுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இந்தக் குறை வெளியே வரும். வாரத்தில் இரண்டு நாள் நீச்சலைக் குறைத்துக்கொண்டு எடை தூக்குங்கள்.

போட்டி நாளுக்கு ஒரு செய்தி. மாஸ்டர்ஸ் விதிப்படி குளக்கரையில் உயரமாக இருக்கும் ஸ்டார்ட்டிங் பிளாக் மேடையிலிருந்து குதித்தே தீரவேண்டும் என்பதில்லை. குளத்தின் விளிம்பிலிருந்தும் தொடங்கலாம், நீருக்குள் நின்று சுவரை உதைத்தும் தொடங்கலாம். பட்டர்ஃப்ளையில் முழங்கால் வலி இல்லாதவர்கள் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையைக்கூடப் பயன்படுத்தலாம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் நான் சான்றிதழிலேயே "நீருக்குள்ளிருந்து தொடக்கம்" என்று எழுதிக் கொடுக்கிறேன். அதைப் பார்த்ததும் முன்னாள் வீரர்களின் முகம் சுருங்கும். புதிதாகக் கற்றவர்களோ, "அப்படிச் செய்யலாமா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்பார்கள்.