முதுகை நிமிர்த்தும் வளர்ச்சி

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதினொரு வயது மகளுக்குப் பள்ளிச் சீருடை தைக்க அளவெடுத்த தையல்காரர், வலது தோள் ஏறியிருப்பதாகச் சொன்னாராம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் 34 டிகிரி வளைந்திருக்கிறது. முதுகைக் கிழிக்காமல், விலாவில் சிறு துளைகள் போட்டே நிமிர்த்தலாம் என்கிறார்களே, அது எப்படி என்று கேட்கிறார். கூடவே ஒரு வேதனையும். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

கிரகணத்துக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. புத்தகப்பையின் கனமும் காரணமில்லை. ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்த வளைவு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று சுட்ட முடியாதபடி வளரிளம் பருவத்தில் தலைகாட்டுகிறது. மரபணுக்களுக்கு அதில் பங்குண்டு. பெற்றவளைக் குற்றவாளியாக்கும் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பரிகாரம், எண்ணெய்த் தேய்ப்பு என்று மாதங்கள் ஓடுவது அதைவிடக் கொடுமை. ஏனென்றால் துளைவழி சிகிச்சைக்கு மூலதனமே பிள்ளையின் மிச்ச வளர்ச்சிதான்.

முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகளின் அடுக்கு. ஒவ்வொரு முள்ளெலும்பின் மேலும் கீழும் வளர்ச்சித் தட்டுகள் உண்டு. முதுகு நீள்வது அங்கேதான். இந்தத் தட்டுகளின் குணத்தை 1862-லேயே ஜெர்மானிய மருத்துவர்களான ஹ்யூட்டரும் வோல்க்மனும் எழுதிவைத்தார்கள்: அழுத்தம் கூடினால் வளர்ச்சி மந்தமாகும், குறைந்தால் வேகமெடுக்கும். வளைந்த முதுகில் உட்குழிந்த பக்கம் நசுங்குவதால் அங்கே எலும்பு குறைவாக வளர்கிறது. புடைத்த பக்கமோ தாராளமாக வளர்கிறது. ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் சப்பிப்போன இட்லிகளை அடுக்கினால் என்ன ஆகும்? அடுக்கு சாயும். சாய்ந்ததும் குழிந்த பக்கத்தில் அழுத்தம் இன்னும் கூடும். அதனால் வளைவும் கூடும். வளர வளர நோயும் வளர்கிறது.

துளைவழி சிகிச்சை இந்த விதியை அப்படியே திருப்பிப் போடுகிறது. இதில் என் மனதைப் பறிகொடுத்தேன் என்றே சொல்ல வேண்டும். புடைத்த பக்கம் மேலே வரும்படி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார்கள். அந்தப் பக்க நுரையீரலை மயக்க மருத்துவர் காற்றில்லாமல் சுருக்கிவிட, மற்ற நுரையீரல் மூச்சைப் பார்த்துக்கொள்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே போட்ட துளைகளில் ஒன்றின் வழியாகக் கேமரா, மற்றவற்றின் வழியாகக் கருவிகள். வளைந்த பகுதியின் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் குறுக்காக ஒரு திருகாணி இறங்குகிறது. எல்லாத் திருகாணித் தலைகளையும் இணைத்து ஒரு கயிறு. அது பாலியெத்திலீன் டெரெப்தலேட்டால் ஆனது. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக் வகை, இழைகளாக முறுக்கப்பட்டது. கயிற்றை இழுத்து, ஒவ்வொரு திருகாணியாக இறுக்கிப் பூட்டுகிறார்கள். நுரையீரலை மறுபடி விரித்து, துளைகளைத் தைத்துவிடுகிறார்கள்.

மேசையிலிருந்து இறங்கும்போது வளைவு ஓரளவுதான் குறைந்திருக்கும். மீதி வேலை அதன்பின் வருடக்கணக்கில் நடக்கிறது. கயிறு இழுத்துப் பிடித்திருப்பதால் இப்போது அழுத்தம் புடைத்த பக்கத்துக்கு. அங்கே வளர்ச்சி மந்தம். நசுங்கிக் கிடந்த பக்கம் மூச்சுவிட்டு வளர்ந்து ஈடுகட்டுகிறது. ஆப்பு வடிவமாகிப்போன முள்ளெலும்புகள் மெல்ல மெல்லச் சதுரமாகின்றன. பிள்ளை வளர்ந்தே தன் முதுகை நிமிர்த்திக்கொள்கிறது. கயிறு வளைந்துகொடுப்பதால் குனிவதும் திரும்புவதும் பெருமளவு தங்குகின்றன. கம்பியும் திருகாணியும் வைத்து முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் வழக்கமான அறுவை சிகிச்சையில், இணைத்த பகுதி பிறகு வளையாது.

ஆனால் நேரம் தப்பக் கூடாது. வளர்ச்சி முடிந்துவிட்டால் கயிற்றுக்கு வேலையில்லை. மிகச் சீக்கிரம் கட்டினால் முதுகு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடலாம். அதனால்தான் முதுகு மருத்துவர் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்: விரல் எலும்புகளின் நுனித் தட்டுகள் திறந்திருக்கின்றனவா, மூடத் தொடங்கிவிட்டனவா என்று பார்த்து மிச்சத்தைக் கணிப்பதற்கு. கயிறு அறுந்துபோவதும் உண்டு. மறுபடி மேசை ஏற வேண்டி வருவதும் உண்டு. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் சோதித்து அனுமதிக்கும் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அமைப்பு 2019-ல்தான் இந்தக் கயிற்றுக்கு அனுமதி தந்தது, அதுவும் வளர்ச்சி முடியாத, வளைவு 30 முதல் 65 டிகிரி வரை உள்ள பிள்ளைகளுக்கு, பிரேஸ் (வளைவு கூடாமல் உடம்பைச் சுற்றி அணியும் கவசம்) பயன் தராதபோதும் அணிய முடியாதபோதும் மட்டும். பல பத்தாண்டுகளாகச் சோதித்துப் பார்த்த கம்பி முறையை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது.

வாசகியின் மகளுக்கு 34 டிகிரி. வளர்ச்சி மிச்சமிருந்தால் முதலில் பேச வேண்டியது பிரேஸ் பற்றித்தான். 2013-ல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. அணியாதவர்களில் அது 48 சதவீதம். நாளுக்கு 18 மணி நேரம் போடச் சொன்னார்கள். சென்னை வெயிலில் அது பெரும்பாடு, சந்தேகமே இல்லை. பருத்தி பனியன் மேல் போட்டுக்கொண்டால் சற்றுத் தாங்கலாம்.

கை எலும்பின் வயதை ஒப்பிட இன்றும் மருத்துவர்கள் புரட்டும் படத்தொகுப்பு, 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதிப் பிள்ளைகளிடம் எடுத்த எக்ஸ்ரேக்களால் ஆனது. வியாசர்பாடிச் சிறுமியின் வளர்ச்சியை அதை வைத்து அளக்கிறோம். அரசு மருத்துவமனைகளிலேயே நம் பிள்ளைகளின் கை எக்ஸ்ரேக்களைப் பெரிய அளவில் திரட்டி நமக்கான அளவுகோலைச் செம்மைப்படுத்தலாம். புதிய எந்திரங்களுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு இதற்கு வர வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளிகளில் பிள்ளைகளைக் குனியவைத்து முதுகின் ஒரு பக்கம் மேடிட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு எந்திரமும் வேண்டாம். பழகிய ஒரு செவிலியர் போதும்.