‘விசுவாசம் பத்தாது’ என்று படுக்கையருகே சொல்லாதீர்கள்

மறுபடியும் ஒரு காசநோயாளி. மூன்றாவது மாதத்தில் மாத்திரையை நிறுத்தியவர். இருமல் நின்றிருக்கிறது, எடை ஏறியிருக்கிறது, உபவாசக் கூட்டத்தில் சாட்சியும் சொல்லியாகிவிட்டது. “சுகம் கிடைச்சாச்சு, இனி மாத்திரையைத் தொட்டா அது அவிசுவாசம்” என்று யாரோ தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இரத்தம் துப்பிக்கொண்டு வார்டுக்குத் திரும்பியிருக்கிறார். பார்க்க வந்த சபையார் கேட்ட முதல் கேள்வி: “எந்த இடத்துல பிரதர் விசுவாசத்துல சறுக்கினீங்க?”

மருத்துவமனைச் சிற்றாலயங்களில் ஊழியம் செய்கிறவர்கள் இந்தக் கேள்வியை இன்னும் எத்தனை தரம் காதில் வாங்குவது? அவர் சறுக்கியது விசுவாசத்தில் அல்ல, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரையில்.

மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகின்றன, அதனால் இருமல் நிற்கிறது. ஒளிந்து கிடப்பவற்றுக்காகத்தான் மீதி நான்கு மாதம். பாதியில் விட்டால் மிஞ்சியவை திரும்பப் பெருகும், மருந்துக்குப் பணியாத வகையாக மாறவும் கூடும். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கென்று நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு வருகிறது. தடையாக நின்றது பணம் இல்லை, ஒரு தவறான போதனை.

அந்தப் போதனையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நம்முடைய வேதாகமத்தில் ரோமர் 5-ல் “உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது” என்று வாசிக்கிறோம். ‘பரீட்சை’ என்றதும் நம் மனம் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. கேள்வித்தாள், மார்க்கு, பாஸ், ஃபெயில். நோய் கேள்வித்தாள், சுகம் பாஸ், சுகமாகாதவன் ஃபெயில், மாத்திரை விழுங்குகிறவன் பிட் அடிக்கிறவன். இதுதான் பல சபைகளில் வாய்விட்டுச் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘தொகிமே’. உரைத்துப் பார்த்துத் தேறிய தரம் என்று அர்த்தம். பேதுரு இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறார்: பொன் அக்கினியினாலே சோதிக்கப்படுவதுபோல விசுவாசம் சோதிக்கப்படுகிறது. பத்தரிடம் கேட்டுப் பாருங்கள். புடம் போடுவது பொன்னைத் தோற்கடிக்கவா? கலந்திருக்கிற செம்பையும் ஈயத்தையும் பிரிக்கத்தானே. நெருப்பில் கிடக்கிற பொன்னைப் பார்த்து “நீ சரியான பொன்னாயிருந்தா இந்நேரம் நெருப்பு அணைஞ்சிருக்குமே” என்று எந்தப் பத்தரும் சொல்வதில்லை.

‘சோதனை’ என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. யாக்கோபு முதலாம் அதிகாரம் 2-ஆம் வசனத்தில் பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது சந்தோஷமாக எண்ணுங்கள் என்கிறது. 13-ஆம் வசனத்தில் சோதிக்கப்படுகிற எவனும் நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று சொல்லாதிருப்பானாக என்கிறது. முன்னது பாடு, பின்னது பாவத்துக்கு இழுக்கும் இச்சை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, நோயாளியிடம் போய் “எந்தப் பாவத்துக்காக இந்தச் சோதனைன்னு யோசிங்க” என்பது வேத அறிவு ஆகாது.

இந்தப் ‘பாவம்–நோய்’ சமன்பாட்டைச் சீஷர்களே கேட்டுவிட்டார்கள். யோவான் 9-ல் பிறவிக்குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்றார்கள். இரண்டும் இல்லை என்று பதில் வந்தது. யோபுவின் சிநேகிதர் மூவரும் அத்தியாயம் அத்தியாயமாக இதே சமன்பாட்டைத்தான் பேசினார்கள். முடிவில் 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் மூண்டது யோபுவின்மேல் அல்ல, சரியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்த அவர்கள்மேல். யாக்கோபு 5-ல் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் இடத்திலும் “அவன் பாவஞ்செய்தவனானால்” என்றுதான் இருக்கிறது. அந்த ‘ஆனால்’ வெறும் அலங்காரம் இல்லை. செய்யாதவனாகவும் இருக்கலாம் என்று அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மூப்பர்களை வரவழைக்கிறவன் நோயாளி. அவன் கூப்பிடாமல் இருபது பேர் வேனில் வந்து இறங்கச் சொல்லவில்லை.

மருந்து அவிசுவாசமா? எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு கூட்டப்படும் என்று வாக்குத்தத்தமே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கட்டியின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசத்தைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார், ஆள்வைத்து ஜெபக்கூட்டம் நடத்தவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தன் சரீரத்தின் முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் எடுபடவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. இந்த ஆளிடம் போய் யாராவது விசுவாசம் பத்தாது என்று சொல்வார்களா? கூடவே பயணம் செய்தவரை ‘பிரியமான வைத்தியனாகிய லூக்கா’ என்று வேறு எழுதிவைத்திருக்கிறார். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன யோசனை. அதைச் சொன்னது யார் என்று மத்தேயு 4-ல் இருக்கிறது, அதற்குக் கிடைத்த பதிலும் இருக்கிறது.

அப்படியானால் பாடுகளில் விசுவாசம் பலப்படுவது என்றால் என்ன? நம் பக்கத்திலேயே நடந்த இரண்டைச் சொல்லலாம். டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931 அக்டோபரில் விழுந்து அடிபட்டார். 1951 ஜனவரியில் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறைதான். ஏறக்குறைய இருபது வருடம். ஜெபிக்காத நாள் இருந்திருக்காது, பழையபடி எழுந்து நடமாடவுமில்லை. படுக்கையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார், வேலையை மற்றவர்கள் கையில் ஒப்படைத்தார். அந்த ஊரில் அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரிக்குப் பெயர் பரம சுகசாலை. பரமமும் சுகசாலையும் சேர்ந்தே இருக்கின்றன, பாருங்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் 1966-ல் வேலூரில் எழும்பக் காரணமாயிருந்தார். கால் திரும்பி வரவில்லை. அவருடைய விசுவாசம் தோற்றது என்று சொல்லும் தைரியம் யாருக்காவது உண்டா? கூட்டங்களில் இந்தச் சாட்சிகள் ஏன் சொல்லப்படுவதில்லை என்றால், மேடையில் ஊன்றுகோலைத் தூக்கி எறிகிற காட்சி இவற்றில் இல்லை.

இனி காரியத்துக்கு வருவோம்.

உபவாசம். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரைநோய் மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் முழுநாள் உபவாசம் இருக்கவே கூடாது. உணவில்லாமல் மருந்து மட்டும் உள்ளே போனால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பிதற்றல், தள்ளாட்டம். இதை அபிஷேகம் என்று ஒருபக்கமும் அசுத்த ஆவி என்று மறுபக்கமும் எடுத்துக்கொண்டு, சுற்றி நின்று சத்தமாக ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் விரலில் குத்தி, கருவியில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தரம் கொடுங்கள். ஏறியதும் சாப்பாடு. கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. அன்றைய உபவாசம் அத்தோடு முடிந்தது. அதற்குக் குற்றவுணர்வு வேண்டாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்து, டைப்-1 நீரிழிவுள்ள பிள்ளையின் இன்சுலினை ‘விசுவாசத்தில்’ நிறுத்துவது. ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். தயவுசெய்து வேண்டாம். காக்காய்வலிப்பு மாத்திரையும் அப்படித்தான்: சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிற வலிப்பு அவசர சிகிச்சைக்கு உரியது, ஜெபவேளைக்கு உரியதல்ல.

டயாலிசிஸ் நோயாளிகள் விஷயத்தில் இளநீர். உபவாசம் முடிந்து அன்போடு இளநீரையும் சாத்துக்குடிச் சாற்றையும் கொடுப்பது நம் வழக்கம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அவருடைய ஒரு கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்த வழி, போட்டிருப்பார்கள். அந்தக் கையைப் பிடித்து இறுக்கி ஜெபிக்காதீர்கள், அது அடைத்துக்கொண்டால் டயாலிசிஸுக்கு வழி போய்விடும்.

எண்ணெய் பூசுதல். நெற்றியில் ஒரு பொட்டு போதும். மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது முகமெல்லாம் எண்ணெய் தடவாதீர்கள், மெழுகுவத்தி ஏற்றவே ஏற்றாதீர்கள். ஆக்சிஜன் பக்கத்தில் தீ பற்றுவது நொடி வேலை. தையல் போட்ட இடத்தில் எண்ணெய் வேண்டாம். பைபாஸ் முடிந்தவரின் நெஞ்செலும்பு கூடுவதற்குள் நெஞ்சில் கைவைத்து அமுக்க வேண்டாம். கீமோவில் இருப்பவரிடம் சளி, இருமலோடு போகாதீர்கள். போனில் ஜெபியுங்கள், ஆண்டவருக்குக் கேட்கும்.

சந்திப்புக்கு இரண்டு பேர், பத்து நிமிடம். கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான், அவர் வேறு மதத்தவராக இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். குரலைத் தாழ்த்துங்கள். யோபுவின் சிநேகிதர் செய்த ஒரே உருப்படியான காரியம், வாய் திறப்பதற்கு முன் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து மௌனமாயிருந்ததுதான். “எதுக்காக ஜெபிக்கட்டும்க்கா?” என்று கேளுங்கள். “தூக்கம் வரணும்” என்பார், “மக ஃபீஸ் கட்டணும்” என்பார். அதற்காக ஜெபியுங்கள். “சகலமும் நன்மைக்கேதுவாக” என்ற வசனம் சத்தியம்தான், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் முதல் நாளில் எடுத்து நீட்டுவதற்கு அது எழுதப்படவில்லை. அவர் அழுது, “ஏன் ஆண்டவரே” என்று கத்தினால் அடக்காதீர்கள். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, ஒரு அல்லேலூயா கூட இல்லை. ஜெபிக்க முடியவில்லை என்று நோயாளி சொன்னால் பதறாதீர்கள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேரின் விசுவாசத்தைத்தான் இயேசு கண்டார். நோயாளிக்காக நீங்கள் ஜெபியுங்கள்.

மனம் உடைந்தவர்களுக்கும் இது பொருந்தும். சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் கொடுத்தான். “சாகணும்போல எண்ணம் வருதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்துகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் எடுத்துவையுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மனநல மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அந்த மருத்துவர் வேலை, சபைக் கமிட்டி வேலை அல்ல.

அடிக்கிற புருஷனைச் ‘சிலுவை’ என்று சொல்லி மனைவியைத் திருப்பி அனுப்புகிற ஐயாமாருக்கு ஒரு வார்த்தை: சிலுவை என்பது ஒருவர் தாமே எடுத்துக்கொள்வது, மற்றவர் தோளில் தூக்கி வைப்பதல்ல. பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கச் சொல்லிக்கொடுங்கள், தங்க இடம் பாருங்கள்.

சபையாக உண்மையில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் சலிப்பானது. முதல் இரண்டு வாரம் வாசல் நிறைய ஆட்கள், பழக்கூடைகள். இரண்டாவது மாதம் எட்டிப்பார்க்க ஆளில்லை. மருந்தை விட்டுவிடத் தோன்றுவது அப்போதுதான். அதனால் பட்டியலை ஆறு மாதத்துக்குப் போடுங்கள்: திங்கள் யார் கஞ்சி கொண்டுபோவது, டயாலிசிஸ் நாளில் யார் கூடப்போவது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது, மருந்துச்சீட்டு யார் கையில். யாராவது சுகச் சாட்சி சொல்ல எழுந்தால் போதகர் ஒரு கேள்வி கேட்கட்டும்: டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் சாட்சியோடு சேர்த்து “மாத்திரை தொடருது” என்பதையும் மைக்கில் சொல்லவையுங்கள்.

அடுத்த முறை நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். எண்ணுங்கள். தேதிக்குக் குறைய வேண்டிய அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேதாகமத்தைத் திறவுங்கள்.